காற்றுக் கசிவுக்கு பில்லில் அபராதம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை. கோவைப் பக்கம் ஒரு பவுண்டரி, உற்பத்தி இல்லை. காற்றை அழுத்தி மெஷின்களுக்கு அனுப்பும் கம்ப்ரசர் மட்டும் ஓடுகிறது. கடிகாரம் பார்த்தேன்: 2 நிமிடம் லோடு (காற்றை அழுத்துகிறது), 3 நிமிடம் அன்லோடு (அழுத்தாமல் சும்மா சுற்றுகிறது). கம்ப்ரசர் கொடுக்கக்கூடிய காற்றில் 40 சதவீதம் ஓட்டை வழியே போகிறது. இந்த மாதம் இப்படிப் பார்ப்பது நான்காவது ஆலை. நான்கு இடத்திலும் ஒரே பதில்: “பவர் ஃபேக்டர் 0.99 இருக்குதுங்க சார். இதுக்கு மேல என்ன மிச்சம் பண்றது?”

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். பவர் ஃபேக்டர் என்பது இழுக்கும் கரன்ட்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்பதன் அளவு; முழுதும் ஆனால் 1. அதைச் சரிசெய்யத்தான் கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர் போட்டால் ஈபி லைனில் இழுக்கும் கரன்ட் குறையும், கேவிஏ டிமாண்ட் (ஆலை லைனில் ஏற்றும் மொத்தப் பளு) குறையும், அபராதம் வராது. ஆனால் ஓட்டையில் போகும் காற்றுக்காக மோட்டார் தின்னும் யூனிட் அப்படியேதான் இருக்கும். பவர் ஃபேக்டர் 1 ஆனாலும் மீட்டர் அதை எண்ணும். டேம்பரை (காற்று வழியை அடைக்கும் தகட்டை) மூடிவைத்து முழு வேகத்தில் ஓட்டும் ஃபேனுக்கும் இதே கதிதான்.

பிறகு ஏன் எல்லோரும் பவர் ஃபேக்டரை மட்டும் சரியாக வைத்திருக்கிறார்கள்? 0.90-க்குக் கீழே போனால் ஹெச்டி (உயர் அழுத்த இணைப்பு) பில்லில் தனி வரியாக அபராதம் விழும். கசிவுக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

கட்டணத்தை ஏற்றினால் தானாகச் சிக்கனம் வரும் என்பவர்கள் 1990-களின் ரஷ்யாவைப் பார்க்க வேண்டும். பல ஆலைகள் மின்கட்டணத்தைப் பாக்கி வைத்தன, அல்லது பணத்துக்குப் பதில் சரக்கைக் கொடுத்துக் கணக்கு முடித்தன. பில் கட்டாவிட்டாலும் ஆலை ஓடும் என்றால் விலை யாரைச் சுடும்? ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் சோஷலிச நாட்டு ஆலைகளிடம் கண்ட நோயும் இதுதான்: நஷ்டம் வந்தால் அரசு தாங்கும் என்ற தைரியம். போலந்து 1990-லிருந்து அந்தத் தாங்கலைக் குறைத்தது. அடுத்த பத்தாண்டில் அங்கே உற்பத்திக்குச் செலவாகும் எரிசக்தி நன்றாகவே குறைந்தது.

நம் ஆலைக்குள்ளும் அதே நிலைமைதான். பில் அக்கவுன்ட்ஸுக்குப் போகிறது. கம்ப்ரசரைத் தொடுகிற சூப்பர்வைசருக்கு, பிரஷர் குறைந்து வேலை நின்றால்தான் திட்டு விழும். அவர் ஏன் பிரஷரை ஒரு பார் (அழுத்த அளவு) கூட்டி வைக்க மாட்டார்? அந்த ஒரு பாருக்கு 6, 7 சதவீதம் மின்சாரம் கூடுதல்.

கம்ப்ரசருக்குத் தனி மீட்டர் போடுங்கள். தினமும் யூனிட்டை அதன் பக்கத்திலேயே பலகையில் எழுதுங்கள். சோப்புத் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பாருங்கள், முக்கியமாக ஹோஸ் கிளாம்ப்பை. லீவு நாளில் கம்ப்ரசரை நிறுத்துங்கள், இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம், பில்லை ஷாப் ஃப்ளோரில் காட்டுங்கள்.

அன்று நான் காட்டினேன். “மாசம் இவ்வளவா சார் வருது?” என்றார் சூப்பர்வைசர். பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை பார்க்கிறவர். கேட்டுவிட்டு, ஸ்பேனரை எடுக்கப் போனார்.