புக்கிட் ஜாலிலில் பெனட்டோ ஈட்டிய 150 புள்ளிகள்

கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலின் புத்ரா அரங்கில் 2009 முதல் 2015 வரை நடைபெற்ற மலேசிய ஓப்பன் டென்னிஸ் போட்டியைப் பார்த்த நம்மவர்களுக்குப் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஜூலியன் பெனட்டோவை மறப்பது கடினம். 2012இல் ஹுவான் மொனாக்கோவிடமும், 2013இல் வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி தேவைப்பட்ட நிலையிலிருந்து சறுக்கி ஜுவாவ் சோசாவிடமும், 2014இல் கெய் நிஷிகோரியிடமும் அவர் இறுதி ஆட்டத்தில் தோற்றார்.

அன்றைய விதிப்படி இரண்டாம் இடத்திற்கு 150 தரவரிசைப் புள்ளிகள். மூன்று ஆண்டுகளுக்கும் கூட்டினால் 450 ஆகிறது. ஆனால் ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபியின் தரவரிசைக் கணக்கில் கோலாலம்பூரின் பெயரால் அவருக்கு ஒருபோதும் 150க்கு மேல் இருந்ததில்லை. ஒரு போட்டியில் ஈட்டிய புள்ளிக்கு ஆயுள் 52 வாரங்களே என்பதால், புதிய 150 வந்து சேரும்போது பழைய 150 உதிர்ந்துவிடும். ஆட்டக்காரர்கள் இதைப் 'புள்ளியைக் காத்தல்' என்கிறார்கள். உண்மையில், அவர் அங்கே ஓடியது நின்ற இடத்திலேயே நிற்பதற்காகத்தான்.

இந்தக் கணக்கின் கடுமை 2022இல் வெளிப்பட்டது. ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்களை விம்பிள்டன் தடை செய்ததால், அவ்வாண்டு அங்கே புள்ளி கிடையாது என ஏடிபி அறிவித்தது. கோப்பையை வென்ற ஜோக்கோவிச், முந்தைய ஆண்டின் 2,000 புள்ளிகளை இழந்து மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்திற்கு இறங்கினார்.

விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளை ஏடிபி நடத்துவதில்லை. ஆயினும் அவற்றின் வெற்றியாளருக்குத் தரவரிசையில் 2,000 புள்ளிகள் சேரும். ஏடிபி சுற்றின் 1000, 500, 250 என்னும் படிநிலைகளின் பெயர்களே வெற்றியாளர் பெறும் புள்ளிகளையும் சொல்லிவிடுகின்றன. கோலாலம்பூர் போட்டி 250 வகை. அதற்குக் கீழே சேலஞ்சர் போட்டிகளும், அனைத்துலக டென்னிஸ் சம்மேளனத்தின் தொடக்கநிலைப் போட்டிகளும் உள்ளன. அவற்றுள் மிகச் சிறியதில் வென்றால் 15 புள்ளிகளே கிடைக்கும்.

தரவரிசை எண்ணுக்கு இத்தனை மதிப்பு ஏன்? போட்டிக்குள் நுழையும் வாசல் அதுதான். கிராண்ட் ஸ்லாமின் 128 இடங்களில் 104 தரவரிசைப்படியே நிரப்பப்படுகின்றன. யாரை அழைப்பது என்பது அமைப்பாளரின் விருப்பத்தைப் பொறுத்திருந்த நிலையை மாற்றவே 1973 ஆகஸ்ட் 23இல் கணினித் தரவரிசை தொடங்கப்பட்டது. அதன் முதல் முதலிடக்காரர் ருமேனியாவின் இலியே நஸ்தாசே.

2016இல் கோலாலம்பூரின் இடம் சீனாவின் செங்டுவுக்குச் சென்றது. புக்கிட் ஜாலிலில் கடைசியாக வென்ற டேவிட் ஃபெரரின் 250 புள்ளிகளும் அவ்வாண்டு அக்டோபரோடு காலாவதியாயின.