லீக்கி ஃபீடர்: தமிழில் அலைக்கசிவு வடம்

நிலத்தடிச் சுரங்கத்தில் கூரையை ஒட்டி கிலோமீட்டர் கணக்கில் ஒரு வடம் ஓடும். பார்வைக்குத் தடித்த கேபிள் டிவி வயர் மாதிரி இருக்கும். அதன் அருகில் எங்கு நின்றாலும் வாக்கி டாக்கி பேசும்; பக்கத்துக் கிளைப் பாதைக்குள் கொஞ்ச தூரம் போனால் பேச்சு அறுந்துவிடும். இந்த வடத்துக்குத்தான் லீக்கி ஃபீடர் என்று பெயர்.

ஃபீடர் என்பது வானொலிப் பொறியாளர்களின் பழைய சொல். ஊட்டுதல் என்று பொருள்படும் ஃபீட் என்ற வினையிலிருந்து வந்தது. ஒலிபரப்பியிலிருந்து ஆன்டெனாவுக்கு ஆற்றலைக் கொண்டுபோய் ஊட்டும் வடம் அது. நல்ல ஃபீடருக்கு இலக்கணமே வழியில் எதையும் வெளியே விடாமல் இருப்பதுதான். அதற்காகவே நடுக்கம்பியைச் சுற்றிக் காப்புப் பொருளும், அதன் மேல் செம்பாலான உறையும் போடுகிறார்கள். அந்த உறையில் வேண்டுமென்றே பிளவு விட்டாலோ, பின்னலை நெருக்கமில்லாமல் பின்னினாலோ, உள்ளே ஓடும் அலை நெடுகிலும் சிறிது சிறிதாக வெளியேறும். வெளியிலிருந்து வரும் அலையும் அதே வழியாக உள்ளே நுழையும். பழுது என்று கருதப்பட்ட கசிவே இங்கே பயன்.

தேவை சுரங்கத்திலிருந்தே வந்தது. பாறை வானொலி அலையை விழுங்கிவிடும். வெறும் சுரங்கப் பாதை, அலையைத் தனக்குள்ளே நடத்திச் செல்லும் ஓர் அலைக்குழாய் போல நடந்துகொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் 5 மீட்டர் அகலப் பாதையில் சுமார் 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அலை தானாகப் பரவாது. 150 மெகாஹெர்ட்ஸில் பரவினாலும் வேகமாக மெலிந்துவிடும். 1000 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் நேர்ப்பாதையில் நன்றாகப் போகும். வளைவு வந்தால் பெரும்பாலும் அதோடு சரி. ஆகவே அலையை வடத்தின் வழியே நடத்திச் சென்று, ஆள் இருக்கும் இடத்தில் கசியவிடும் யோசனை வந்தது. ரயில் சுரங்கப் பாதைகளுக்காக 1950களிலேயே இது பேசப்பட்டது. நிலக்கரிச் சுரங்கங்களுக்காக பிரிட்டனிலும் பெல்ஜியத்திலும் 1960கள், 70களில் வளர்ந்தது. அமெரிக்காவின் சேகோ சுரங்க விபத்தில் 12 பேர் இறந்த பிறகு, 2006இல் வந்த மைனர் (MINER) என்ற சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் விபத்துக்குப் பின்னும் இயங்கும் கம்பியில்லாத் தொடர்பை நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கட்டாயமாக்கியது. லீக்கி ஃபீடருக்கு அங்கே மறுபடி மவுசு கூடியது.

இனி தமிழ்ப் பெயர். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'கசிவூட்டி' வரும். இலக்கணம் சரி, பொருள் இடிக்கிறது. இந்த வடத்தின் நுனியில் ஊட்டுவதற்கு ஆன்டெனா எதுவும் இல்லை. வடமே நீண்ட ஆன்டெனா. எனவே 'ஊட்டி' வேண்டாம், 'வடம்' போதும். வெறும் 'கசிவு வடம்' என்றாலும் ஆபத்து. மின்கசிவு என்றால் தீ விபத்துச் செய்தி. வாயுக்கசிவு என்றால் சுரங்கத்தில் எல்லாரும் ஓட வேண்டிய நேரம். அந்த இடத்தில் தனியாகக் 'கசிவு' என்று எழுதிய பலகை எதற்கு? ஆங்கிலத்தில் இதற்கு இருக்கும் இன்னொரு பெயரான ரேடியேட்டிங் கேபிளைக் 'கதிர்வீச்சு வடம்' ஆக்கினால் அணுக்கதிர் பயம் வந்து சேரும். கசிவது எது என்பதையும் பெயரே சொல்லிவிட்டால் குழப்பமில்லை: அலைக்கசிவு வடம். நடுக்கம்பியும் அதைச் சுற்றிய உறையும் கொண்ட இவ்வகை வடத்தைக் குறிக்கும் கோஆக்சியல் என்ற சொல்லுக்கும் 'இணையச்சு' என்பதைவிட 'ஓரச்சு' பொருத்தம். இரண்டு கடத்திகளுக்கும் அச்சு ஒன்றுதான்.

பெயரைப் புரிந்துகொண்டால் பராமரிப்பில் பாதி புரியும். இங்கே அலையின் வலிமையில் வரும் இழப்பு இரண்டு வகை; அதை டெசிபெல் என்ற அலகில் சொல்வார்கள். வடத்தின் நீளத்தில் குறைவது ஒன்று. வடத்துக்கும் கையிலிருக்கும் கருவிக்கும் நடுவே குறைவது மற்றொன்று. 100 மீட்டருக்கு 5 டெசிபெல் குறையும் வடம் என்றால், 400 மீட்டரில் 20 டெசிபெல், அதாவது நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதை ஈடுகட்ட வழியில் பெருக்கிகள். விஎச்எஃப் (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசை) அமைப்பில் இவை பொதுவாக 350 முதல் 500 மீட்டருக்கு ஒன்று. போக்கும் வரவும் வெவ்வேறு அதிர்வெண் என்பதால் ஒரே பெட்டிக்குள் இரண்டு திசைக்கும் தனித்தனிப் பெருக்கி இருக்கும். பெட்டியைத் தலைகீழாக இணைத்துவிட்டால் அதற்கு அப்பால் எதுவும் பேசாது. புதிதாக நீட்டிய இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது இழப்பு, மாட்டும் விதத்தைப் பொறுத்தது. வடத்தைப் பாறையோடு ஒட்டிக் கட்டினாலும், இரும்புக் குழாயோடு சேர்த்துக் கட்டினாலும் கசிவு அங்கேயே அடங்கிவிடும். கொக்கியிலோ தாங்கு கம்பியிலோ தொங்கவிட்டு, சுவரிலிருந்து சில சென்டிமீட்டராவது விலக்கி, மின்வடங்களுக்கு எதிர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிளவுள்ள வடமானால் அந்தப் பக்கம் பாதையைப் பார்த்திருக்க வேண்டும். சுவருக்குக் கான்கிரீட் தெளிப்பவர்கள் வடத்தையும் சேர்த்துப் பூசிவிடுவது அடிக்கடி நடக்கும். வடம் அறுந்திராது, பெருக்கி விளக்கு எரியும், அந்த நூறு மீட்டரில் மட்டும் பேச்சு வராது.

வடத்தின் கடைசி நுனியில் முடிப்புத் தடை இருக்க வேண்டும். வடம் 75 ஓம் என்றால் அதுவும் 75 ஓம். இல்லாவிட்டால் அலை திரும்பி வந்து, சில அடிக்கு ஒருமுறை பேச்சு வருவதும் போவதுமாக இருக்கும். பாறையை வெட்டும் முகப்பு முன்னேற முன்னேற வடத்தை நீட்டுகிறவர்கள் பழைய நுனியில் இருந்த தடையைக் கழற்றி எங்கோ வைத்துவிடுவார்கள். கடையில் வாங்கிய ஏதோ 75 ஓம் தடையை அங்கே மாட்டக் கூடாது. பெருக்கிகளுக்கான 12 வோல்ட் நேர்மின்சாரமும் இதே வடத்தில்தான் ஓடுகிறது. அதைத் தடுக்கும் மின்தேக்கி இல்லாத தடை ஏறத்தாழ 2 வாட் மின்திறனைத் தின்று சூடாகிக் கருகும். வடத்தின் கடைக்கோடியில் உள்ள பெருக்கி அடிக்கடி அணைந்தால், பெட்டியை மாற்றும் முன் அங்கு வந்து சேரும் வோல்ட்டை அளந்து பாருங்கள். நீளமும் இணைப்பில் புகுந்த ஈரமும் சேர்ந்து அதைத் தின்றிருக்கும். இணைப்புகளுக்குத் தானே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாதான் சரி; சாதாரண இன்சுலேஷன் டேப் ஈரத்தில் நிற்காது.

மீத்தேன் உள்ள சுரங்கத்தில் இன்னொரு கண்டிப்பு உண்டு. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் வெடிக்கும் கலவை. எனவே பெருக்கியும் மின்வழங்கியும் பொறி உண்டாக்கும் அளவு ஆற்றல் வராதபடி சான்று பெற்றவையாக இருக்க வேண்டும். வேறு மின்வழங்கி, கூடுதல் மின்கலம் என்று கைவசம் கிடைத்ததை இடையில் சேர்த்தால் மொத்தத் தொடரின் சான்றும் போய்விடும்.

பெருக்கிகளைத் தாராளமாகச் சேர்ப்பதும் உதவாது. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இரைச்சலைக் கூட்டும். ஒரே மாதிரியான பத்துப் பெருக்கிகள் தொடராக நின்றால் இரைச்சல் 10 டெசிபெல் உயரும். கிளைகளிலிருந்து வரும் இரைச்சலும் வடம் தொடங்கும் தலைமை நிலையத்தில்தான் வந்து குவியும். மேலிருந்து பேசுவது கீழே தெளிவாகக் கேட்டு, கீழிருந்து பேசுவது மேலே கரகரத்தால் சந்தேகம் இந்தப் பக்கம் போக வேண்டும்.

வைஃபையும் இதே வடத்தில் ஓடுமா என்பது எப்போதும் வரும் கேள்வி. விஎச்எஃப் வடத்தில் அப்படியே ஓடாது. அதிர்வெண் ஏற ஏற நீளத்தில் இழப்பு கூடும். பெருக்கிகளும் தம் அலைவரிசையை மட்டுமே கடத்தும். 2400 மெகாஹெர்ட்ஸுக்கென்று வேறு பிளவமைப்புள்ள அலைக்கசிவு வடங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான சுரங்கங்களில் கண்ணாடி இழை வடம் இழுத்து, இடையிடையே வைஃபை அணுகுமுனைகள் (ஆக்சஸ் பாயின்ட்) வைப்பதுதான் வழக்கம்.