செஃப் என்றால் சமையற்கலைஞரா?

ஆங்கிலத்தில் செஃப் என்று வந்தாலே தமிழில் 'சமையற்கலைஞர்' என்று போட்டுவிடுகிறார்கள். கடைசியாகக் கேட்டது, அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள ஷே பனீஸ் உணவகம் பற்றிய ஒரு தமிழ்க் காணொளியில். 'சமையற்கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ் 1971இல் தொடங்கியது' என்றார்கள். ஆண்டு சரி.

செஃப் பிரெஞ்சுச் சொல், தலை என்று பொருள்படும் லத்தீன் 'கபுட்'டிலிருந்து வந்தது. 'செஃப் த குஸீன்' என்றால் அடுக்களைத் தலைவர். அதைச் சுருக்கி செஃப் என்றார்கள். இதில் கலை எங்கே இருக்கிறது?

அந்த உணவகத்தின் கதையையே பாருங்கள். ஆலிஸ் வாட்டர்ஸ் மாண்டிசோரி ஆசிரியையாக இருந்தவர். 1971 ஆகஸ்ட் 28 அன்று கடை திறந்தபோது அடுக்களைப் பொறுப்பில் இருந்தது விக்டோரியா க்ரோயர், பிறகு அந்தப் பொறுப்புக்கு ஜெரமையா டவர் வந்தார். எந்தத் தோட்டத்துக் காய், இன்றைக்கு என்ன சாப்பாடு என்பதில் வாட்டர்ஸ் கண்ணாக இருந்தார். முதல் நாள் வந்த எல்லோருக்கும் ஒரே சாப்பாடு: மாவுக்குள் வைத்துச் சுட்ட இறைச்சி, ஆலிவ் போட்ட வாத்துக்கறி, பிளம் பழ இனிப்பு. விலை 3 டாலர் 95 சென்ட்.

வந்தவருக்கெல்லாம் ஒரே சாப்பாடு என்பது நாஞ்சில் நாட்டுக்காரனுக்குப் புதிதா? நம் கல்யாண வீட்டில் தவசிப்பிள்ளை இல்லையா? தவசிகளுக்குப் பணிவிடை செய்தவரைக் குறித்த சொல், அப்புறம் சைவச் சமையல்காரருக்கு ஆகிவந்தது. சாமான் சீட்டு எழுதுவது அவர், கூட ஆள் கொண்டுவருவது அவர், அவியலில் பச்சைத் தேங்காயெண்ணெயை ஊற்றி வாழையிலையால் மூடச் சொல்வதும் அவர்தான். ஆக்குப்புரைக்குள், அதாவது சமையல் கொட்டகைக்குள், பெண்ணைப் பெற்றவர் வாய் திறக்க முடியாது. செஃப் என்றால் அதுதான்!

வாத்துக்கறிக்காரரைத் தவசிப்பிள்ளை என்பாயா என்று கேட்பீர்கள். மாட்டேன். தலைமைச் சமையல்காரர் என்பேன். வாட்டர்ஸ் மாதிரி கடையையும் நடத்துகிறவரை உணவகத் தலைவி என்று சொல்லிவிட்டுப் போகலாமே. ஆனால் 'காரர்' என்று முடிந்தால் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கூச்சம். ஒப்பனைக்காரர் ஒப்பனைக் கலைஞர் ஆனார், முடி வெட்டுகிறவர் சிகையலங்காரக் கலைஞர் ஆனார். சம்பளம் ஏறியதா தெரியவில்லை, பெயர் மட்டும் ஏறிவிட்டது. மடை என்றால் சோறு, மடையர் என்றால் அதைச் சமைப்பவர். கோயிலில் மடைப்பள்ளி இன்றும் மரியாதையாகத்தான் இருக்கிறது, உள்ளே வேலை செய்தவனின் பெயர் மட்டும் வசவாகிப்போனது. சமையல்காரர் என்ற சொல்லையும் இப்படியே ஒதுக்கினால் அதற்கும் அந்தக் கதிதான். கலைஞர் என்று முலாம் பூசுவது மரியாதையா? சமையல் வேலையை மட்டமாக நினைப்பவன்தான் அதை மறைக்க வேறு பெயர் தேடுவான்.

நாகர்கோவிலில் ஒரு கடையின் பட்டியலில் 'சமையற்கலைஞரின் சிறப்புப் படைப்பு' என்றிருந்தது. கேட்டால், கொத்துப் பரோட்டாவாம்.