கன்வர்ட்டரைக் கேட்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள்

கொஞ்ச நாளைக்கு முன்பு ஓர் இளம் இசையமைப்பாளர் புதிதாக வாங்கிய டிஜிட்டல்-அனலாக் கன்வர்ட்டரை (கம்ப்யூட்டரில் எண்களாக இருக்கும் இசையை ஸ்பீக்கருக்குப் போகும் மின் அலையாக மாற்றும் பெட்டி) என் ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். தவணையில் வாங்கியது. "பழைய இன்டர்ஃபேஸ்ல இல்லாத ஆழம் இதுல இருக்கு சார், நீங்களே கேளுங்க" என்றார். மாற்றி மாற்றிக் கேட்டோம். எனக்கும் புதியதுதான் பிடித்தது. குரல் சற்று முன்னால் வந்து நின்றது, பாஸ் நிறைவாக இருந்தது.

அப்புறம் மல்டிமீட்டரை எடுத்தேன். இரண்டிலும் ஒரே 100 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு அவுட்புட்டை அளந்தேன். (சாதாரண மீட்டர்கள் பல 1 கிலோஹெர்ட்ஸில் தடுமாறும், அதனால் தாழ்ந்த டோனே நல்லது.) பழையது 1.228 வோல்ட், புதியது 1.286 வோல்ட். கணக்குப் போட்டால் 0.4 டெசிபல் வித்தியாசம். இவ்வளவு சிறிய வித்தியாசத்தை நம் காது "சத்தம் கூடுதல்" என்று உணராது. தெளிவு, ஆழம், உயிர் என்றுதான் உணரும். இருபது வருடமாக மிக்ஸ் செய்யும் காதும் இதில் ஏமாறும், அன்று என் காது ஏமாந்தது.

வோல்டேஜ் ஒரு சதவீதத்துக்குள் வரும்வரை லெவலைச் சமப்படுத்தினோம். அப்போது வித்தியாசம் 0.1 டெசிபலுக்கும் கீழே போய்விடும். எது ஓடுகிறது என்று தெரியாதபடி என் உதவியாளர் பின்னால் நின்று மாற்ற, தம்பி 16 முறை சொன்னார். 9 சரி. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே சராசரியாக 8 வரும். 12 வந்திருந்தால் அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது, ஏனென்றால் வெறும் ஊகத்தில் 12-ஐத் தொட நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்புதான். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருடைய அறையில் நான் ஒருமுறை வேலை செய்திருக்கிறேன். மூலைகளில் பாஸ் தேங்கி நிற்கும் அறை அது. ஒரு நோட்டுக்கும் அடுத்த நோட்டுக்கும் நடுவே அங்கே பத்து டெசிபல் ஏறி இறங்கும். அந்தப் பணம் அந்த அறையைச் சரிசெய்யப் போயிருக்க வேண்டும்.

இது அவர் காதின் குறை இல்லை. 2007-இல் மேயர், மோரன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உயர்தர டிஸ்க்குகளின் ஒலி நேராகவும், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் (அதாவது சிடி தர) கன்வர்ட்டர் வழியாகவும் போட்டுக் காட்டப்பட்டது. 554 முயற்சிகளில் 276 சரி, அதாவது பாதி. வால்யூமை வழக்கத்துக்கு மேல் ஏற்றியபோதுதான் அமைதியான இடங்களில் இரைச்சல் வித்தியாசம் காட்டியது.

சரி, அப்படியானால் ஸ்பெக் ஷீட்டை மட்டும் பார்த்து வாங்கிவிடலாமா? அதையும் நிதானமாகப் படிக்க வேண்டும். பெட்டியில் "24 பிட்" என்று இருந்தால் கணக்குப்படி 146 டெசிபல் டைனமிக் ரேஞ்ச் (இரைச்சலுக்கும் உச்ச சத்தத்துக்கும் உள்ள இடைவெளி) வர வேண்டும். ஆனால் சர்க்யூட்டின் சொந்த இரைச்சல் விடாது, மிக நல்ல கன்வர்ட்டர்களே 120-லிருந்து 130-க்குள் நிற்கின்றன. இரண்டு ஷீட்டை ஒப்பிடும்போது, எண்ணுக்குப் பக்கத்தில் "ஏ-வெயிட்டட்" (காதுக்குக் குறைவாகக் கேட்கும் இரைச்சலைக் குறைத்துக் கணக்கிடும் முறை) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது மட்டுமே எண்ணை இரண்டு டெசிபல் போல அழகாக்கிவிடும்.

ஷீட்டில் பெரும்பாலும் வராத ஒன்றை எனக்குக் காதுதான் காட்டியது. சில வருடங்களுக்கு முன்பு, எண்களெல்லாம் அருமையாக இருந்த ஒரு கன்வர்ட்டரில், சத்தமாக மாஸ்டர் செய்த (வெளியிடும் முன் கடைசியாக மெருகேற்றிய) பாடல்கள் மட்டும் கரகரத்தன. பழைய, மென்மையான ரெக்கார்டிங்குகள் சுத்தமாக ஒலித்தன. காரணம் சாம்பிள்களுக்கு, அதாவது அலையை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து வைத்த புள்ளிகளுக்கு, நடுவே இருந்தது. மென்பொருளின் லெவல் மீட்டரில் எந்தச் சாம்பிளும் டிஜிட்டலின் உச்ச வரம்பான பூஜ்ஜியத்தைத் தாண்டாவிட்டாலும், அவற்றை இணைக்கும் உண்மையான அலை தாண்டலாம். 44.1 கிலோஹெர்ட்ஸில் 11.025 கிலோஹெர்ட்ஸ் டோனை 45 டிகிரி ஃபேஸில் வைத்துச் சாம்பிள்களைப் பூஜ்ஜியத்துக்கு ஏற்றினால் உச்சம் 3 டெசிபல் மேலே போகும். கன்வர்ட்டரின் உள் ஃபில்டரில் அதற்கு இடம் இல்லையென்றால் அலையின் தலை வெட்டுப்படும். ஷீட்டில் இருந்த டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) எண்ணோ 1 கிலோஹெர்ட்ஸ் டோனில் எடுத்தது. அந்த டோனில் இந்தக் கோளாறு எட்டிப் பார்க்கவே பார்க்காது.

காது சந்தேகப்பட்டது, அந்த 11.025 டோனை ஓட்டி அளந்தபோது காரணம் தெரிந்தது. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கரகரக்கும் பாடலைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே 4 டெசிபல் குறைத்து, ஸ்பீக்கர் பக்கம் அதே 4 டெசிபலைக் கூட்டிக் கேளுங்கள். கரகரப்பு போய்விட்டால் கோளாறு கன்வர்ட்டரில். அப்படியே இருந்தால் மாஸ்டரிலேயே வெட்டுப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். எத்தனை லட்சத்துக்குக் கன்வர்ட்டர் வாங்கினாலும் அது சரியாகாது.