அம்மாவைக் குறை சொல்லுமுன் அப்பாவின் கண்ணைப் பாருங்கள்

ஒன்பது வயதுப் பையன். நான்கு முறை கண்ணாடி மாற்றியும் போர்டில் எழுதுவது தெரியவில்லை. பார்த்தால், இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு பொட்டுப்பக்கமாக வெளிறியிருந்தது. மரபணுச் சோதனையில் ஓபிஏ1 என்ற மரபணுவில் பிறழ்வு, அதாவது பழுது. அறிக்கையில் 'மைட்டோகாண்ட்ரியா' (செல்லுக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்பு) என்றிருந்ததும் யாரோ சொல்லிவிட்டார்கள், "அது அம்மா வழியில்தானே வரும்". அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அப்பா அதே அறிக்கையை மூக்கை ஒட்டிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்! சொட்டு மருந்து விட்டு அவரைப் பார்த்தேன். அதே வெளிறல்.

எத்தனை தடவைதான் சொல்வது? மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து வருகிறது, சரி. அதற்கென்று இருக்கும் தனி டிஎன்ஏவில் உள்ளவை வெறும் 37 மரபணுக்கள். அது இயங்கத் தேவையான ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களின் மரபணுக்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. ஓபிஏ1 மரபணுவும் அங்கேதான், 3ஆம் குரோமோசோமில். அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. ஒன்று கெட்டாலே நோய் வரலாம். பெற்றோரில் யாருக்கு இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. தாய்வழி மட்டும் வருவது லீபர் நோய் என்ற இன்னொரு பார்வை நரம்பு நோய். அது வேறு. (இதை டாக்டர்களே குழப்பிக்கொள்வதுதான் கொடுமை.)

ஓபிஏ1 புரதத்தின் வேலை, இரண்டு மைட்டோகாண்ட்ரியா ஒன்றாகும்போது உள்சவ்வுகளை இணைப்பது. வெளிச்சவ்வை மைட்டோஃப்யூசின்கள் என்ற வேறு புரதங்கள் பார்த்துக்கொள்ளும். ஓபிஏ1 புரதம் குறைந்தால் விழித்திரையின் கேங்க்லியான் செல்கள்தான் முதலில் வாடும், அவற்றின் இழைகள்தான் பார்வை நரம்பு.

நரம்புக் கோளாறைக் கண்ணாடி சரிசெய்யாது. பவர் சரியாக இருந்தும் பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால், நீல நிறத்தை அடையாளம் காணத் தடுமாறுகிறது என்றால், ஐந்தாவது கண்ணாடி வாங்காதீர்கள், நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். காதையும் சோதியுங்கள், சிலருக்குக் கேள்வித்திறனும் குறையும். பிறழ்வு இருப்பவர்கள் புகைபிடிப்பதை நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து. காசநோய்க்கு மருந்து எழுதினால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மருந்துகளில் ஒன்றான எத்தாம்ப்யூட்டால் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது. நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

பெரும்பாலானவர்களுக்குப் பார்வை முழுதாகப் போவதில்லை. பிறழ்வு இருந்தும் நன்றாகப் பார்ப்பவர்களும் உண்டு. அதனால் "எனக்குக் கண் நல்லாத்தான் இருக்கு" என்று அப்பாக்கள் வெளியிலேயே உட்கார வேண்டாம். இருவரும் உள்ளே வாருங்கள். சொட்டு மருந்தால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வண்டி ஓட்ட வேறு யாரையாவது கூட்டி வாருங்கள்.