3782ஐப் பழைய தமிழ் எண்ணாக்கும் நிரல்

நிரல் எழுதப் பழகுவோருக்கு, சாதாரண எண்ணை ரோமன் எண்ணாக்கும் பயிற்சி எப்படியும் ஒருநாள் வந்துவிடும். விடை எளிது. 1000, 900, 500, 400 என 1 வரை இறங்கும் 13 மதிப்புகள் கொண்ட பட்டியல். முடிகிறவரை கழித்து, கழிக்கும்போதெல்லாம் உரிய எழுத்தை ஒட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். அதே நிரலில் பட்டியலை மட்டும் மாற்றிப் பழைய தமிழ் எண்களைக் கேட்டால், 3782க்கு ௲௲௲ என்று தொடங்கிவிடும். வர வேண்டியது ௩௲௭௱௮௰௨.

இங்கே ௰ (10), ௱ (100), ௲ (1000) ஆகிய குறிகளுக்கு முன்னால் நிற்கும் இலக்கம் அவற்றைப் பெருக்குகிறது. எனவே கழித்தலுக்குப் பதில் வகுத்தல் வேண்டும். 3782ஐ 1000ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 782, ௩௲ எழுதலாம். 782ஐ 100ஆல் வகுத்தால் ௭௱, மீதி 82. அதிலிருந்து ௮௰. கடைசியில் மிஞ்சும் 2, ௨.

ஈவு 0 என்றால் எதையும் எழுதக் கூடாது: 2005 என்பது ௨௲௫. ஈவு 1 என்றால் குறி மட்டும் போதும். 10 என்பது ௰, ௧௰ அல்ல. ஆனால் இந்தச் சலுகை ஒன்றின் இடத்துக்குக் கிடையாது. அங்கேயும் 1ஐ விட்டுவிட்டால் 11க்கும் ௰ என்றே வரும். 1111 கொடுத்து ௲௱௰௧ வருகிறதா என்று பார்த்தால் இரண்டும் தெரிந்துவிடும்.

திருப்பி, தமிழ் எண்ணைச் சாதாரண எண்ணாக்கும்போது உள்ளீட்டைச் சோதிப்பதும் முக்கியம். ௨ என்ற எண்ணும் உ என்ற எழுத்தும் கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும், எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோடு முறையில் முன்னதன் குறியெண் 3048, பின்னதன் குறியெண் 2953. ௧–க, ௭–எ, ௮–அ, ௰–ய எல்லாம் இதே கதை. பைத்தான் நிரல்மொழியில் எழுத்துச்சரத்தை எண்ணாக்கும் int() என்ற முழு எண் மாற்றியும் உதவாது. அது ௨௪ஐ 24 என்று ஏற்கும்; ௨௰௪ கண்டால் பிழை காட்டி நின்றுவிடும்.

தமிழ் எண்ணாக்கும் நிரலுக்கே திரும்பினால், மிக நயமான பிழை 9999க்கு அப்பால் இருக்கிறது. ௦வின் குறியெண் 3046; அதோடு ஈவைக் கூட்டி இலக்கத்தைப் பெறுவதே வழக்கமான குறுக்குவழி. 10,000க்கு ஈவு 10, குறியெண் 3056, அதாவது ௰. விடை ௰௲, தற்செயலாகச் சரி! அந்தத் தைரியத்தில் 11,000 கொடுத்தால் 3057, அதாவது ௱. நிரல் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ௱௲ என்று ஒரு லட்சத்தை எழுதிவிடும்.