டெர்மினலில் அழித்தால் போனிலும் அழியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் போன் பழுதுபார்க்கிறேன். இந்த மாதம் மூன்றாவதாக நேற்று ஒரு பையன் வந்தான். "அங்கிள், டவுன்லோட்ஸ் ஃபோல்டர் காலியாகிடுச்சு, எடுத்துத் தர முடியுமா?" மெட்ரிக் சான்றிதழின் ஸ்கேன், பல்கலைக்கழக விண்ணப்பப் படிவங்கள், இறந்துபோன பாட்டி அனுப்பிய வாய்ஸ் நோட்டுகள் எல்லாம் அதில்தான் சேமித்திருந்தானாம். "நான் லினக்ஸுக்குள்ளதானே அழிச்சேன், போன்ல எதையும் தொடலையே!"

இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

2025 மார்ச்சில் கூகுளின் பிக்சல் போன்களுக்கு வந்த டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் செயலி. லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான டெபியனை, ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது போனுக்குள் மென்பொருளால் உருவான தனிக் கணினிக்குள், ஓட்டுகிறது. ரூட் செய்ய, அதாவது போனின் முழு நிர்வாக உரிமையைத் திறக்க, வேண்டாம். லேப்டாப் வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்கு நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அந்த மெஷினுக்குக் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, தனி; அதனால் உள்ளே டெபியனை நாசமாக்கினாலும் ஆண்ட்ராய்டு தப்பிக்கும். அது சரி. ஆனால் உள்ளே எம்என்டி (mnt) என்ற ஃபோல்டருக்குள் 'ஷேர்டு' (shared) என்று ஒரு ஃபோல்டர் தெரிகிறதே, அது நகல் இல்லை. உங்கள் போனின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரேதான். அங்கே நின்றுகொண்டு அழிக்கும் கட்டளையான ஆர்எம் (rm) கொடுத்தால் அசல் கோப்பு போய்விடும். குப்பைத்தொட்டிக்கும் வராது. என்னிடம் கொண்டுவந்தும் பயனில்லை. இன்றைய போன்கள் கோப்புகளைக் குறியாக்கம் செய்தே வைக்கின்றன, அழிந்ததைத் தோண்டி எடுக்கும் பழைய மென்பொருள்கள் இதில் செல்லாது. எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் இன்னொரு செயலியான டெர்மக்ஸ் வேறு. அது விர்ச்சுவல் மெஷினே இல்லை, ஆண்ட்ராய்டின் கெர்னல் மேலேயே ஓடும் சாதாரணச் செயலி. இரண்டையும் குழப்பிக்கொண்டு யூடியூபில் பார்த்த கட்டளைகளை ஒட்டாதீர்கள்.

அழிக்கும் முன் பிடபிள்யூடி (pwd) கட்டளையை அடித்து எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். புரியாத ஸ்கிரிப்டை (கட்டளைத் தொகுப்பை) ஓட்டவே ஓட்டாதீர்கள். அப்புறம், முதல் தடவை டெபியன் இறங்கவே சில நூறு எம்பி ஆகும், ப்ரீபெய்டு டேட்டாவில் தொடங்காமல் வைஃபைக்குப் போங்கள். உள்ளே எழுதிய ப்ராஜெக்டுக்கு வெளியே ஒரு நகல் கட்டாயம் வேண்டும். செயலியின் டேட்டாவை அழித்தால் மெஷினோடு அதுவும் போகும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளைத் திட்டிப் போனைப் பிடுங்காதீர்கள், முக்கியமான ஆவணங்களை மட்டும் வேறு ஒரு போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனின் அத்தை போனில் தேடியதில் பாட்டியின் இரண்டு வாய்ஸ் நோட்டுகள் கிடைத்தன. மற்றவை கிடைக்கவில்லை.